வருகைப் பதிவேட்டில் நான் இருந்தேன்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டரும் பாஸ்போர்ட் ஆபீஸ் படிவங்களும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசவே எனக்கு வராது. நம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது.

தலைமையாசிரியர்தான் போனில் கேட்டார். "அண்ணாச்சி, நீங்க வெளிநாட்டு ஸ்கூல்ல வேல பாக்கீங்க. இங்கன பள்ளிக்கூடப் பாதுகாப்புக்குத் திட்டம் போடுங்கன்னு சர்க்குலர் மேல சர்க்குலரா வருது. கேமரா வைக்கணும், வாரவன் போறவன் பேர எழுதணும், பாம்ப் இருக்குன்னு மெயில் வந்தா என்ன செய்யணும்னு ஒத்திகை பாக்கணும்ங்காவ. அங்கன எப்படிச் செய்யுதாவன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. பிள்ளைகளுக்குப் பிரயோசனமா இருக்கும்."

அவர் எனக்கு ஒரு காரியம் முடித்துக் கொடுத்திருந்தார். அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். காரியத்தை முடித்துக் கொடுத்த கையோடு அவர் ஏன் கட்டுரை கேட்டார் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. என்ன காரியம் என்பது பின்னால் வரும். படித்துவிட்டு இதை மலரில் போடுவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும். போட மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

2

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சின்ன ஊர். ஓட்டலில் சமையல் வேலைக்கு வந்தேன். முதுகு கெட்டுப்போன பிறகு இங்குள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். நம் ஊர்க் கணக்கில் பியூன், வாட்ச்மேன், தோட்டக்காரன் மூன்று பேரும் சேர்ந்த ஓர் ஆள். எனக்கு மேலே கெவின் என்று ஒருவர். கட்டடம் முழுவதும் அவர் பொறுப்பு. எனக்குக் கீழே யாரும் இல்லை.

காலை ஏழு மணிக்கு இரும்புக் கேட்டைத் திறப்பது நான். எட்டே முக்காலுக்குப் பிள்ளைகள் வருவார்கள். ஒன்பது அடித்ததும் பூட்டுவேன். மூன்றேகாலுக்கு மறுபடி திறப்பேன். இடுப்பில் பதினோரு சாவிகள். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. கையில் சாவி இருந்தால் பேச்சுத் தேவையில்லை. தாய் தகப்பன்மார் "மார்னிங்" என்பார்கள், நானும் "மார்னிங்" என்பேன். மழை பெய்தால் மழையைப் பற்றி ஒரு வார்த்தை. கோவில்பட்டிக்காரனுக்கு மழையைப் பார்த்து முகம் சுளிக்கத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலைந்து வருடம் ஆனது.

சேர்ந்து பத்தாவது வருடம் முடிகிற மாதத்தில்தான் புதுத் திட்டம் வந்தது.

3

பொது இடங்களில் யாராவது புகுந்து தாக்கினால் என்ன செய்வது என்று ஒவ்வொரு பள்ளிக்கூடமும் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று இங்குள்ள அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. சட்டம் முழுசாக நடைமுறைக்கு வருமுன் எல்லாரும் தயாராக வேண்டுமாம். அதற்காக நகராட்சியிலிருந்து ஒரு அம்மா வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் எங்களை எல்லாம் பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சுகளில் உட்கார வைத்து, திரையில் படங்கள் காட்டினார். இதில் யார் சந்தேகத்துக்கு உரியவர், சொல்லுங்கள் என்றார்.

முதல் படத்தில் ஒருவன் வேலியோரம் தனியாக நிற்கிறான். இரண்டாவதில் ஒருவன் கேட் எத்தனை மணிக்குப் பூட்டும் என்று விசாரிக்கிறான். மூன்றாவதில் ஒருவன் யார் கண்ணையும் பார்க்காமல் நடக்கிறான். மூன்று பேரும் நான்தான். இந்த ஊருக்கு வந்த நாள் முதல் நான் வேலியோரம் நின்றிருக்கிறேன், நேரம் விசாரித்திருக்கிறேன், யார் கண்ணையும் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் தலையைத் தூக்கவில்லை.

"எவ்வளவு சின்ன விஷயமானாலும் சொல்லுங்கள். சொன்னவர் பெயர் வெளியே வராது" என்று அந்த அம்மா முடித்தார்.

எனக்கு உடனே மொட்டைக் கடுதாசிதான் ஞாபகம் வந்தது. ஆனால் நம் ஊர் மொட்டைக் கடுதாசியில் கையெழுத்து இல்லாவிட்டாலும் எழுத்து இருக்கும். 'ழ' போடுகிற விதத்தை வைத்து, இது மேலத்தெருக்காரன் வேலை என்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே கம்ப்யூட்டரில் ஒரு பெட்டிக்குள் தட்டிவிட்டால் போதும்.

4

அடுத்த மாதம் ஒத்திகை. இதற்கு இங்கே லாக்டவுன் என்று பெயர். கொரோனா காலத்து ஊரடங்கு இல்லை, இது வேறு. ஒரு விதமான மணி விட்டு விட்டு அடிக்கும். அடித்ததும் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகளை ஜன்னலுக்குத் தெரியாத மூலையில் உட்கார வைத்துச் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். வெளியே யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. அந்த நகராட்சி அம்மா ஒவ்வொரு கதவாகப் போய்க் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். உள்ளே சத்தம் கேட்டால் அந்த வகுப்பு தோற்றது.

மணி அடித்தபோது நான் ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் அலமாரிக் கீல் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆசிரியை ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போயிருந்தார். உதவிக்கு லூசி என்று ஒரு இளம்பெண் மட்டும். விதிப்படி உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். நானும் பிள்ளைகளோடு மூலையில் தரையில் உட்கார்ந்தேன்.

இருட்டில் முப்பது பிள்ளைகள் எத்தனை நேரம் சும்மா இருக்கும்? ஒருவன் இன்னொருவனைக் கிள்ளினான். ஒரு பெண் பிள்ளை, "மிஸ்டர் மணி, கெட்டவன் நிஜமா வாரானா?" என்று கேட்டு உதட்டைப் பிதுக்கியது. அழப்போகிறது என்று தெரிந்தது. ஒன்று அழுதால் முப்பதும் அழும். லூசிக்கே கண் கலங்கியிருந்தது.

கையெட்டும் தூரத்தில் கைவேலைப் பெட்டி இருந்தது. அதில் ஐஸ் குச்சிகள் ஏராளம். நான் எடுத்து ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தேன். என் முன்னால் தரையில் ஒரு குச்சியைப் படுக்க வைத்தேன். பக்கத்தில் விரற்கடை விட்டு இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு குச்சி இன்னொன்றில் இடிக்கக் கூடாது, தரையில் வைக்கும்போது டக் என்று சத்தம் வரக் கூடாது என்று கையாலேயே காட்டினேன். சத்தம் வந்தால் அந்தக் குச்சியை எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். பிள்ளைகள் குனிந்தார்கள். முப்பது தலையும் குனிந்தது.

கைப்பிடி ஆடியது. கதவை யாரோ தோளால் தள்ளினார்கள். ஒரு பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே அந்த அம்மா, "இந்த வகுப்பு காலியா?" என்று யாரையோ கேட்டது எங்களுக்குக் கேட்டது.

5

இந்த வித்தையை நான் எங்கே படித்தேன் என்று மலரைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா அம்மாக்களுக்குத் தெரியும். சொல்லியிருக்க மாட்டார்கள்.

எட்டயபுரம் போகிற வழியில் எங்கள் கிராமம். கம்பும் பருத்தியும் மழையை நம்பி விதைத்தவை. மழை இல்லாமல் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த மூன்று வருடம், நானும் என் அக்கா பேச்சியம்மாளும் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனோம். தீப்பெட்டி செய்கிற கம்பெனியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். விடியுமுன் கருக்கலில் பஸ் ஊருக்குள்ளேயே வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. வேலை, கட்டை அடுக்குவது. கட்டை என்பது வரிசை வரிசையாகப் பள்ளம் வெட்டிய மரச்சட்டங்கள். பள்ளத்துக்கு ஒரு குச்சி படுக்க வேண்டும். ஒன்று மேல் ஒன்று ஏறினால் மருந்து முக்கும்போது எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பிறகு அடிதான்.

பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று அப்போதும் சட்டம் இருந்தது. எப்போதாவது இன்ஸ்பெக்டர் ஜீப் வரும். முக்கு டீக்கடையில் கம்பெனி ஆள் ஒருவன் காவல் இருப்பான். ஜீப் திரும்பினால் சைக்கிளில் பறந்து வருவான். உடனே கணக்கப்பிள்ளை கையைத் தட்டுவார். "ஏலே, எல்லாம் குடோனுக்குள்ள போங்க! எவனாச்சும் மூச்சு விட்டீங்க, தோல உரிச்சிருவேன்." குச்சி மூட்டைகள் அடுக்கிய குடோனுக்குள் நாற்பது ஐம்பது பிள்ளைகளைத் தள்ளி வெளியே பூட்டுவார்கள்.

முதல் தடவை நான் அழுதேன். அக்கா என் வாயைப் பொத்தினாள். நிற்கவில்லை. ஒரு கட்டையை மடியில் வைத்து, மூட்டைப் பொத்தலிலிருந்து குச்சிகளை உருவி என் கையில் திணித்தாள். "அழாதலே. அடுக்கு" என்று காதுக்குள் சொன்னாள். இருட்டில் விரலாலேயே பள்ளத்தைத் தடவி நான் அடுக்கினேன். அழுகை நின்றுவிட்டது.

ஒரு நாள் இன்ஸ்பெக்டர் குடோன் கதவு வரைக்கும் வந்தார். பலகை இடுக்கில் அவர் கண் தெரிந்தது. என் கண்ணும் அவருக்குத் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு "இங்கே குச்சி மட்டும்தானே?" என்று கேட்டார். "குச்சி மட்டும்தான் சார்" என்றார் கணக்கப்பிள்ளை. ஜீப் போய்விட்டது. அன்றைக்கு ஏற்பட்ட சந்தேகம் எனக்கு எந்த நாட்டு அரசாங்கத்திடமும் இன்று வரை தீரவில்லை.

6

ஒத்திகை முடிந்ததும் அந்த அம்மா வகுப்புக்குள் வந்தார். தரையெல்லாம் வரிசையாகக் குச்சிகள். "பள்ளிக்கூடத்திலேயே மிகவும் அமைதியான வகுப்பு இதுதான். எப்படிச் செய்தீர்கள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்து வருடத்தில் அந்தப் பள்ளியில் எல்லாரும் என்னைப் பார்த்தது அன்றுதான். அந்தச் சந்தோஷத்தில் வாய் திறந்துவிட்டது.

"சின்ன வயசில் பழகியது. எங்களை இப்படித்தான் ஒளித்து வைப்பார்கள்" என்றேன்.

"யாரிடமிருந்து?"

"அரசாங்கத்திடமிருந்து."

"யார் ஒளித்து வைத்தது?"

"நாங்கள் யாரிடம் வேலை பார்த்தோமோ அந்த ஆட்கள். தீக்குச்சி, மருந்து எல்லாம் செய்கிற இடம்."

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பு இருந்தது, கேள்வி நின்றுவிட்டது. கையில் இருந்த அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார். நல்ல மார்க் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் கீலை மாட்டப் போனேன்.

நாலாம் நாள் கெவின் வந்து கையை நீட்டினார். "சாவிகளைக் கொடு மணி. நடைமுறைதான், வேறு ஒன்றும் இல்லை." யாரோ என்னைப் பற்றி அந்தப் பெட்டியில் தட்டிவிட்டிருந்தார்கள். சின்ன வயதில் அரசாங்கத்துக்கு எதிரான ஆட்கள் என்னை ஒளித்து வைத்துப் பழக்கியதாகவும், வெடிமருந்து செய்யும் இடத்தில் நான் இருந்ததாகவும். விசாரித்து முடிக்கும் வரை நான் கேட்டைத் தொடக் கூடாது. பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் கட்டடத்துக்குள் தனியாக நடமாடக் கூடாது. சரியாகப் படவில்லை என்றால் வேலையும் போகும் என்பதைக் கெவின் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது.

7

அதற்குப் பிறகு நான் ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். நகராட்சி அம்மா எழுதியிருக்கலாம். அவருக்கு அது வேலை. லூசி எழுதியிருக்கலாம். மறுநாள் முதல் அவள் எனக்குப் பெரிதாகச் சிரித்தாள். முன்பெல்லாம் சின்னதாகத்தான் சிரிப்பாள். கெவினின் தங்கை மகன் ஒருவன் வேலை இல்லாமல் இருக்கிறான். ஒரு தடவை பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தான். நான்தான் அவனுக்குக் கேட்டைத் திறந்துவிட்டேன். என் மகள் அபிராமியின் தோழியுடைய அம்மா நகராட்சியில் வேலை பார்க்கிறாள். மகள் மேலேயே ஒரு நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது.

அபிக்குப் பதினேழு வயது. இங்கே அவளுக்கு ஆபி என்று பெயர். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். என் மேல் வந்த புகாருக்கு நான் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும், சின்ன வயதில் எங்கே இருந்தேன் என்பதற்குப் பள்ளிக்கூடச் சான்றும் கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தபோது, அவள்தான் படித்துச் சொன்னாள். நானும் வேறு வழியில்லாமல் தீப்பெட்டி ஆபீஸ் கதையை அவளிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.

அவள், "எட்டு வயசுலயா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"ஆமா."

"இத்தன வருஷம் ஏம்ப்பா என்கிட்ட சொல்லல? அந்த லேடிகிட்ட சொன்னீங்க. என்கிட்ட சொல்லல."

நீ கேட்கவில்லை என்று சொல்லலாம். அது பதில் இல்லை.

8

சான்றுக்காகத்தான் நம் தலைமையாசிரியருக்குப் போன் போட்டேன். நான் சொன்ன காரியம் இதுதான்.

இரண்டே நாளில் அவரே கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "அண்ணாச்சி, ஒங்களுக்கு நேரம் நல்லா இருக்கு. கேமரா டிவி வைக்கதுக்கு ஒரு ரூம ஒழிச்சோம்லா, அங்கன பழைய பீரோவுல கரையான் அரிக்காம ஒங்க காலத்து அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் கெடந்துச்சு. மூணாப்பு, நாலாப்பு, அஞ்சாப்பு, மூணு வருசமும் ஒரு நாள் லீவு கெடையாது! இப்ப உள்ள பயலுவளுக்குக் காட்டணும் அண்ணாச்சி. சர்ட்டிபிகேட்ல அதையும் சேத்து எழுதிட்டேன்."

அந்த மூன்று வருடம்தான் நான் குடோனில் இருந்தேன்.

அப்போதிருந்த வாத்தியார் ஒருவர் மாதத்துக்கு ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வருவார். இப்போது இல்லை, காலமாகிவிட்டார். "பயல முழுசா நிப்பாட்டிராதீங்க. பேர நான் வச்சிருக்கேன்" என்று அப்பாவிடம் சொல்வார். பேர் நீங்காமல் இருந்ததால்தான் மழை பெய்த வருடம் நான் நேராக ஆறாம் வகுப்பில் போய் உட்கார முடிந்தது. பத்தாவது பாஸ், பாஸ்போர்ட், இந்தக் குளிர் எல்லாம் வருகைக்கு அவர் போட்ட 'வ' என்ற எழுத்தால் வந்தவை. ஆனால் சத்துணவு அரிசியும் பதிவேட்டுத் தலைக் கணக்குப்படிதான் வரும். நான் சாப்பிடாத சோறு மூன்று வருடம் யார் வீட்டில் பொங்கியது? அவர் எனக்காகப் பொய் எழுதினாரா, அரிசிக்காகவா? கும்பிடவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் இப்போது கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள்.

"அரிசிக்குத்தாம்லே எழுதியிருப்பாரு, கூறுகெட்ட மூதி" என்றாள் எடுத்த எடுப்பில். "சரி, அரிசிக்கோ பருப்புக்கோ, ஒனக்காச்சும் ரிஜிஸ்டர்ல பேரு இருந்துச்சு. பொட்டப்பிள்ளன்னு எம்பேர யாரு எழுதி வச்சா? நான் பள்ளிக்கூடத்துலயும் இல்ல, கம்பெனி நோட்டுலயும் இல்ல. மூணு வருசம் எங்கனயுமே இல்ல."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இப்பவும் அந்தக் கததான். பேரனுக்குச் சோத்துவாளி குடுக்கப் போனா கேட்டுல நிப்பாட்டுதான் ஒருத்தன். ஐடி கார்டு காட்டுங்கான். ஏலே, எம்மூஞ்சியப் பாத்தா வெடிகுண்டு வைக்க வந்தவ மாதியா இருக்குன்னேன். ரூல்சு பாட்டிங்கான். ஒன்ன மாரிதான் ஒரு பய. நீயும் அங்கன இப்படித்தான யாரையாச்சும் நிப்பாட்டிக்கிட்டு இருப்ப?"

நிப்பாட்டியிருக்கிறேன். நிறையப் பேரை.

9

விசாரணைக்கு முந்தின நாள் கெவின் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். "உன் இங்கிலீஷ் சரியில்லை, கேள்வி புரியவில்லை, ஏதோ உளறிவிட்டாய் என்று சொல்லிவிடு. அவர்களுக்கும் அதுதான் வேண்டும். முடித்துவிடுவார்கள்" என்றார். இது நல்ல மனசில் சொல்வதா, என்னைப் பொய்யில் மாட்டிவிடுவதற்காகச் சொல்வதா என்று தேநீர் ஆறும் வரை யோசித்தேன். என் மனைவியும் அதையே சொன்னாள். அபியும் அதையே சொன்னாள். "அப்பா, சர்ட்டிபிகேட்ல நீங்க ஸ்கூல்ல இருந்தீங்கன்னு இருக்கு. அத மட்டும் குடுங்க. ஃபேக்டரி பேச்சே வேண்டாம்."

மேசைக்கு அந்தப் பக்கம் இங்குள்ள பள்ளியின் தலைமை ஆசிரியை, நகராட்சி அம்மா, குறிப்பெடுக்க ஒருவர். இந்தப் பக்கம் நானும் அபியும். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். தலைமை ஆசிரியை சான்றிதழைப் பார்த்துவிட்டு, "அருமையான வருகை" என்றார். "அப்படியென்றால் அன்று நீங்கள் சொன்னது மொழிக் குழப்பம், இல்லையா?"

குறிப்பெடுப்பவர் பேனாவைத் தாளில் வைத்துவிட்டார். ஆமா என்று ஒரு வார்த்தை போதும். சாவி என் இடுப்புக்கு வந்துவிடும். அபி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

எனக்கு அப்போது அந்த வாத்தியாரைப் பற்றியோ உண்மையைப் பற்றியோ ஒரு நினைப்பும் வரவில்லை. "எங்கனயுமே இல்ல" என்று அக்கா சொன்னதுதான் காதில் இருந்தது. நான் ஆமா சொன்னால், குடோனில் நானும் இல்லை என்று ஆகிவிடும். நான் இல்லை என்றால் அங்கே அவள் மடியில் கட்டையை வைத்து யாருக்கு அடுக்கச் சொல்லிக் கொடுத்தாள்?

"இல்லை" என்றேன். "என் இங்கிலீஷ் சரியாகத்தான் இருந்தது. இந்தத் தாள்தான் தப்பு."

பிறகு சொன்னேன். வார்த்தை கிடைக்காத இடத்தில் அபி எடுத்துக் கொடுத்தாள். எங்களை ஒளித்தவர்கள் யாரும் புரட்சிக்காரர்கள் இல்லை, முதலாளிகள். வெடிமருந்து இல்லை, வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கிற தீக்குச்சி. நாங்கள் ஒளிந்தது, எங்களைக் காப்பாற்ற வந்த சட்டத்திடமிருந்து. இதைச் சொல்லும்போது மட்டும் அபியின் குரல் கொஞ்சம் தடுமாறியது.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நகராட்சி அம்மாதான் மெதுவாகக் கேட்டார். "வருந்துகிறேன். ஆனால் ஒன்று. இந்தப் பள்ளிக்கூடம் பொய்யாக எழுதும் என்று நீங்களே சொல்கிறீர்கள். வேலைக்குச் சேரும்போது நீங்கள் எங்களிடம் கொடுத்த பத்தாம் வகுப்புச் சான்றும் இதே பள்ளிக்கூடத்தினுடையதுதானே? அதை நாங்கள் எப்படி நம்புவது?"

நான் அபியைப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீசில் நான் இருந்ததை நேரில் பார்த்த யாராவது எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றார்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள்.

10

வெளியே வந்து கார் நிறுத்தும் இடத்திலேயே அபி என் போனை வாங்கினாள். அக்காவை அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்த, நான் அபி பேசுறேன்."

"யாரு? ஏட்டி, நீயா? தமிழ் பேசுத! ஒங்கப்பன் செத்துகித்துப் போயிட்டானா?"

"இல்ல அத்த, பக்கத்துலதான் நிக்காங்க. ஒரு ஹெல்ப் வேணும். அப்பா சின்ன வயசுல மேட்ச் ஃபேக்டரில இருந்தாங்கள்ல, நீங்க கூட இருந்தீங்கள்ல?"

"இருந்தேம்லா. அவன் மூக்கச் சிந்தி விட்டதே நாந்தான். இருட்டுல பயந்து எம்பாவாடையில மோண்டுட்டான், கேளு அவங்கிட்ட."

அபி சிரித்துவிட்டாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"அத எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா அத்த? நானே எழுதி அனுப்புறேன். நீங்க சைன் மட்டும் போட்டாப் போதும். அப்பாவுக்கு வேல நிக்கும்."

"போட்டுத் தாரேன், அதுக்கென்ன. யாருக்கு எழுதுத?"

"இங்க உள்ள கவர்மெண்ட்டுக்கு."

அந்தப் பக்கம் கடலைமிட்டாய் பாக்கெட்டுகள் சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றதும் லைன் போய்விட்டதோ என்று அபி திரையைப் பார்த்தாள்.

"கவர்மெண்டுக்குன்னா" என்றாள் அக்கா, "நான் அங்கன இல்ல ஏட்டி."

போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. காலை ஏழு மணிக்குக் கெவின் கேட்டைத் திறந்தார். நான் பின்பக்கம் உடைந்த நாற்காலிகளைப் பிரித்து வண்டியில் ஏற்றினேன். பதினோரு மணிக்கு மழை பிடித்தது. விசாரணை என்ன ஆனது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.